சீமா சியானின் நூல் அரசு ஆணையால் பிறந்ததல்ல

பண்டைய சீன வரலாற்றாசிரியர் சீமா சியானின் வரலாற்று நூலை, அன்று சீனாவை ஆண்ட ஹான் அரசவையின் அதிகாரபூர்வப் பதிவு என்று நான் படித்த கட்டுரையின் ஆசிரியர் குறிப்பிட்டிருப்பதை மட்டும் திருத்த வேண்டும் எனக் கருதுகிறேன். சீமா சியான் அரசவையில் வகித்த பதவியின் முதன்மைப் பணி வானியலும் நாட்காட்டியும்தான், கி.மு. 104இல் நடந்த நாட்காட்டிச் சீர்திருத்தத்திலும் அவருக்குப் பங்குண்டு. அரண்மனைச் சுவடிகளைப் பார்க்கும் வாய்ப்பை அப்பதவி தந்தது என்பது உண்மையே. ஆனால் 130 இயல்கள் கொண்ட அந்த நூல், கி.மு. 110இல் மரணப்படுக்கையில் இருந்த தந்தை சீமா டான், மகனின் கையைப் பற்றி அழுதபடி ஒப்படைத்த பணி.

வடக்கே இருந்த நாடோடி மக்களான சியோங்னுக்களிடம் சரணடைந்த தளபதி லீ லிங்குக்காகப் ஹான் பேரரசர் வூவிடம் பரிந்து பேசியதால் சீமா சியானுக்கு ஆண்மை நீக்கும் தண்டனை கிடைத்தது. தற்கொலை செய்துகொள்ளாமல் அந்த இழிவைத் தாங்கியது நூலை முடிப்பதற்காகவே என்று நண்பர் ரென் ஆனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். இன்று படித்தாலும் மனம் கனக்கிறது.

வரலாற்றெழுத்து அரசின் கைக்குள் போனதைக் காண விரும்புவோர், பின்னர் ஹான் மரபின் வரலாற்றை எழுதிய பான் கூவைப் பார்க்க வேண்டும். நாட்டு வரலாற்றைத் தனிப்பட்ட முறையில் எழுதுகிறார் என்ற புகாரின்பேரில் முதலாம் நூற்றாண்டில் சிறையிடப்பட்ட அவரை, தம்பி பான் சாவோ முறையிட்டதாலும், கைப்பற்றிய சுவடிகளைப் படித்து வியந்ததாலும், பேரரசர் மிங் விடுவித்து அரண்மனைச் சுவடிச்சாலையிலேயே பணியமர்த்தினார். கி.பி. 92இல் பான் கூ மீண்டும் சிறைப்பட்டு இறந்தபோது அவரது நூலில் எழுதப்படாமல் எஞ்சியிருந்த அட்டவணைகளை, பேரரசர் ஹேயின் ஆணைப்படி தங்கை பான் ஜாவோ தொடர்ந்து எழுதினார்.