டீச்சர் வேடிக்கை பார்த்தது உண்மைதான்

அந்த அரை நிமிட வீடியோ இந்நேரம் உங்கள் எல்லாருக்கும் வந்திருக்கும். வராதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கே எங்கள் குடும்ப குரூப்பில் வந்தது. "இது உன் கிளாஸ்தானே?" என்று சித்தி கேட்கிறார். ஆமாம் சித்தி, என் கிளாஸ்தான். நான்காம் வகுப்பு. சன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நான்தான். "பிள்ளைங்க ஐஸ் வெச்சு அடிச்சுக்கிறாங்க, டீச்சர் வேடிக்கை பாக்குறாங்க, இதுக்குத்தான் நம்ம வரிப்பணத்துல சம்பளம்" என்று மேலே எழுதியிருக்கிறாரே ஒரு புண்ணியவான், அவருக்கு நல்ல கண். நான் வேடிக்கைதான் பார்த்தேன். அன்றைக்கு என் வேலையே அதுதான்.

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று சாயங்காலம் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் காய்கறிக்கார அம்மா "வாங்க ஐஸ் டீச்சர்" என்று கூப்பிட்டார். சரி, எழுதிவிடுவோம்.

வீடியோவில் இல்லாத பகுதியைச் சொல்கிறேன். காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் வாங்கி வந்தேன். வகுப்பில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். கோணியில் சுற்றி வைத்த ஐஸ் முதலில் உருகுமா, சும்மா தட்டில் வைத்த ஐஸ் முதலில் உருகுமா? யாரும் ஐஸைத் தொடும் முன் அவரவர் பதிலை நோட்டில் எழுதச் சொன்னேன், காரணத்தோடு. பெரும்பாலான பிள்ளைகள் கோணிதான் முதலில் என்று எழுதினார்கள். கோணி சூடு, போர்வை மாதிரி, அதனால் ஐஸ் சீக்கிரம் உருகிவிடும். பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இதையே சொல்வார்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும், "இல்ல மிஸ், எங்கப்பா ஹார்பர்ல ஐஸ் ஏத்துறாரு. கோணி போட்டு மூடுனாதான் நிக்கும்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், ஆனால் நோட்டில் எழுதியதை அழிக்கவில்லை.

இப்போது அந்தச் சண்டைக்கு வருவோம். வீடியோவில் ஒரு பெண் இன்னொரு பையனின் தட்டைப் பிடித்து இழுக்கிறாள், தெரிகிறதா? சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். "போங்கு மிஸ்! அவனுது பெருசு! பெருசா இருந்தா லேட்டாத்தான உருகும்!" என்கிறாள். இதைத்தான் அடிதடி என்று எழுதியிருக்கிறார்கள்.

ஐயா, அந்தக் குழந்தை கேட்டது என்னவென்று புரிகிறதா? இரண்டை ஒப்பிட வேண்டும் என்றால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்கிறாள். கோணியின் வேலையைப் பார்க்கும் இடத்தில் ஐஸின் அளவு குறுக்கே வரக்கூடாது என்கிறாள். கல்லூரி ஆய்வகத்தில் சொல்லிக்கொடுக்கும் விஷயம் இது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. போங்காட்டம் ஆடினால் அவளுக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் நான் குறுக்கே போய், "சண்டை போடாதீங்க, எல்லாரும் ஒரே அளவு ஐஸ் எடுங்க" என்று சொல்லியிருந்தால் வகுப்பு அமைதியாகியிருக்கும், வீடியோ எடுத்தவருக்கும் திருப்தியாக இருந்திருக்கும். பாடம் போயிருக்கும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பதிலைத் தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு நாள் வந்து நின்று பாருங்கள்.

வீடியோ அதோடு முடிகிறது. அதற்கப்புறம் அவர்கள் ஸ்கேல் வைத்து அளந்து, பெரிய கட்டியைத் தரையில் தேய்த்துத் தேய்த்துச் சின்னதாக்கினார்கள். தரையெல்லாம் தண்ணீர். மதிய மணி அடித்தபோது தட்டில் வெறும் தண்ணீர், கோணிக்குள் இன்னும் கட்டி இருந்தது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். கோணி சூட்டை உண்டாக்குவதில்லை, அதன் இழைகளுக்கு இடையில் அடைபட்ட காற்று வெளிச்சூடு உள்ளே போவதைத் தாமதப்படுத்துகிறது, போர்வைக்குள் நம் உடம்புச்சூடு வெளியே போகாமல் நிற்பதும் இதே காரணத்தால்தான் என்று சொன்னேன். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கேட்கத் தயாராக இருந்தார்கள், அதனால்.

நான் படித்த காலத்தில் இது தலைகீழ். "திரவம் வாயுவாக மாறும் நிகழ்ச்சி ஆவியாதல்" என்று போர்டில் எழுதுவார்கள், நாங்கள் கத்திச் சொல்லுவோம். பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கினேன். என் அம்மா கருவாடு போட்டு விற்றவர். பள்ளி விட்டு வந்ததும் பாயில் காயும் மீனைத் திருப்பிப் போடுவது என் வேலை. "உப்பு எதுக்கும்மா இவ்ளோ?" என்று கேட்டால், "உள்ள இருக்குற தண்ணியை அது இழுக்கும்டி, மீதிய வெயில் பாத்துக்கும்" என்பார். என் அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். காலையில் போர்டில் எழுதியதும் சாயங்காலம் பாயில் நடப்பதும் ஒன்றுதான் என்று எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை. ஆசிரியர் பயிற்சியில்தான் அது உறைத்தது, அதுவும் தற்செயலாக. அப்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை.

இந்தப் பிள்ளைகளைச் சுற்றி அறிவியல் கொட்டிக்கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு மிதப்பது மூழ்குவது பாடம் எடுத்தபோது, எண்ணூரில் பாட்டி வீடு இருக்கிற ஒரு பிள்ளை, "எண்ணெய் மேலயேதான் நிக்கும் மிஸ், படகெல்லாம் ஒட்டிக்கிச்சு" என்றாள். அப்படியானால் அதை எப்படி எடுப்பது? வாளியில் தண்ணீரும் சமையல் எண்ணெயும் ஊற்றி, பஞ்சு, தேங்காய் நார், பழைய துணி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி பாத்திரம் தேய்க்கும் சோப்பை விட்டாள். எண்ணெய் சின்னச் சின்னத் துளியாகப் பிரிந்தது. "போயிடுச்சு!" என்றார்கள். "எங்கே போச்சு?" என்று மட்டும் கேட்டேன். அன்றைக்கும் நான் சும்மாதான் நின்றேன், நல்லவேளை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

இனி கமெண்டில் வந்து பாடம் நடத்தியவர்கள்.

"தமிழே வாசிக்கத் தெரியாத பிள்ளைங்களுக்கு என்ன சோதனை?" இது நியாயமான கேள்வி. கொரோனா காலத்துக்குப் பிறகு வாசிப்பில் விழுந்த பள்ளம் பெரிது. அதற்காகத்தான் 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டமே வந்தது. வாசிப்பு முக்கியமில்லை என்று நான் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. ஆனால் அந்த நோட்டைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கட்டுரை எழுதச் சொன்னால் பென்சிலைக் கடிக்கிற பையன், "என் ஐஸ் ஜெயிக்கும் ஏன் என்றால்" என்று ஆரம்பித்து நாலு வரி எழுதியிருக்கிறான். பிழை இருக்கிறது. திருத்திக்கொள்ளலாம். எழுத ஒரு விஷயம் கிடைத்ததே, அது சின்ன காரியமா?

"போர்ஷன் எப்ப முடிப்பீங்க?" முடித்துவிடுவேன். அடுத்து.

"வழுக்கி விழுந்தா யார் பொறுப்பு?" துடைத்தோம். பிள்ளைகளேதான் துடைத்தார்கள். ஆண் பிள்ளைகளும் துடைத்தார்கள், அதையும் யாராவது வீடியோ எடுத்திருக்கலாம்.

ஒரு தம்பி ரொம்பப் படித்தவர். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்று மூன்று கல்வி ஆய்வாளர்கள் 2006-ல் எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். வழிகாட்டல் இல்லாமல் பிள்ளைகளைத் தானே கண்டுபிடிக்க விட்டால் கற்றல் நடக்காது, புதிதாகக் கற்பவர் மனத்தில் ஒரே நேரத்தில் அவ்வளவு பாரம் ஏறாது என்பது அவர்கள் வாதம். படித்திருக்கிறேன் தம்பி. அதில் உண்மையும் இருக்கிறது. ஐஸைக் கையில் கொடுத்துவிட்டு நான் ஸ்டாஃப் ரூமில் டீ குடித்திருந்தால் ஒன்றும் விளைந்திருக்காது. ஆனால் கேள்வி யாருடையது? முன்கூட்டியே எழுதவைத்தது யார்? கடைசியில் விளக்கியது யார்? அடுத்த ஆண்டே மெலோ-சில்வர், டங்கன், சின் ஆகியோர் இதற்கு மறுப்பு எழுதினார்கள். விசாரித்துக் கற்பதை வழிகாட்டல் இல்லாத கற்றலோடு சேர்த்துக் குழப்பாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அதையும் தேடிப் படித்துவிட்டு வாருங்கள்.

நம் நாட்டுக்கு இது புதிதும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் 1972-ல் பதினாறு கிராமப் பள்ளிகளில் ஆரம்பித்து, முப்பது வருடம் நடந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் சோதனை செய்துதான் படித்தார்கள். 2002-ல் அதை அரசே நிறுத்தியது. நம் ஊரிலும் 2022-ல், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அறிவியலையும் கணக்கையும் செய்துபார்த்துக் கற்க வானவில் மன்றம் வந்தது, நல்ல திட்டம். ஆனால் அது ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரைதான். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக் கேள்வி வராதா? அந்த வயதில்தான் நச்சரித்துக் கேட்பார்கள். ஆறாம் வகுப்பு வருவதற்குள் "சும்மா இரு" என்று நாம் அடக்கி முடித்துவிடுகிறோம்.

சரி, உண்மையான வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். நான் தினமும் வரும் வழியில் ஒரு தனியார் பள்ளி ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறது. வெள்ளை கோட் போட்ட பிள்ளைகள் கையில் சோதனைக் குழாய், மேலே "ஆக்டிவிட்டி பேஸ்டு லேர்னிங்". அதற்குத் தனிக் கட்டணம். அந்தப் படத்தை யாரும் "வேடிக்கை" என்று ஃபார்வர்டு செய்வதில்லை. அங்கே நடந்தால் அறிவியல், இங்கே நடந்தால் அடிதடி. அங்கே அந்தப் பெண் தட்டை இழுத்திருந்தால் "ஷார்ப்பான குழந்தை" என்பீர்கள். காசிமேட்டுப் பெண் இழுத்ததால் உங்களுக்குச் சண்டையாகத் தெரிகிறது. வடசென்னை என்றாலே சண்டை என்று முடிவு செய்துவிட்டுத்தான் நீங்கள் செல்போனைத் தூக்குகிறீர்கள். கமெண்டில் ஒருவர் "ஏரியா அப்படி" என்று எழுதியிருக்கிறார். அதற்கு இருநூற்றுச் சொச்சம் லைக்.

என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை. ஐஸ் வாங்கிய காசுக்குக் கணக்கு கேட்டவருக்கும் சொல்கிறேன், அது என் காசு. ஆனால் வீடியோவில் குழந்தைகளின் முகம் தெரிகிறது. எந்தப் பெற்றோரிடம் கேட்டு எடுத்தீர்கள்? எடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அந்தப் பெண்ணின் அம்மா இன்று காலை மீன் கூடையைக் கேட் ஓரம் வைத்துவிட்டு வந்து, "எம்பொண்ணு ரவுடின்னு தெரு பூரா பேசுறாங்க மிஸ்" என்று அழுதார். நோட்டை எடுத்துக் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. மகளே வாசித்துக் காட்டினாள்.

முதலில் போட்டவர் அதை எடுத்துவிடுங்கள். ஃபார்வர்டு செய்தவர்களும் அழியுங்கள். அழித்தபின் சொல்லுங்கள், இந்தப் பதிவை நானும் எடுத்துவிடுகிறேன்.