எல்லா மூட்டு மாத்திரையும் ஒன்றல்ல
மூட்டுவாதத்துக்குத் தரும் மாத்திரைகள் எல்லாமே நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்குபவை என்று மூட்டுவாதம் பற்றிய இந்தக் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அது சரியில்லை. என் அம்மா முடக்குவாதத்துக்கு (எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) பல வருடமாக ஹைட்ராக்சிகுளோரோகுயின், மெத்தோட்ரெக்சேட் இரண்டும் சாப்பிடுகிறார். முதலாவது மலேரியாவுக்கு வந்த மருந்து. எதிர்ப்பு மண்டலத்தின் போக்கைக் கொஞ்சம் மாற்றுமே தவிர, தொற்று பெருகும் அளவுக்கு அதை அடக்காது. அது கண் விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் அதைத்தான் சோதிக்கச் சொல்வார்கள். மெத்தோட்ரெக்சேட்தான் அடக்குகிற ரகம்: வாரத்துக்கு ஒரே நாள், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. போன வருடம் அம்மாவுக்குக் காய்ச்சலும் சளியுமாக இருந்தபோது, பக்கத்துக் கிளினிக்கில் எதிர்ப்புச் சக்தி குறையும் என்று நிறுத்தச் சொன்னது ஹைட்ராக்சிகுளோரோகுயினை! மெத்தோட்ரெக்சேட் பற்றிப் பேச்சே இல்லை. அப்புறம் மூட்டு மருத்துவருக்குப் போன் செய்தோம், அவர் அப்படியே தலைகீழாக மாற்றிச் சொன்னார். மேலே கருத்து எழுதிய ஒரு வாசகர் டைக்ளோஃபெனாக்கையும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் கூட்டத்தில் சேர்த்திருக்கிறார். அது வலிக்கும் வீக்கத்துக்கும் போடுவது. பயப்பட வேண்டியது வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும். உண்மையிலேயே குழப்புவது ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைதான். தினம் 5 மில்லிகிராம் என்றால் பெரும்பாலும் வீக்கத்தைத் தணிப்பதோடு சரி. அதுவே பெரியவர்களுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரண்டு வாரம் ஓடினால், எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிடும் என்பதால், உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைத் தள்ளிப்போடச் சொல்லிவிடுவார்கள்.