பெட்டகத்துக்குள் இருந்ததையே வெளியே தேடியவர்கள்

கடிதங்களைச் சேர்த்துவைப்பதில், அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான மார்மன் சபையை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1901 முதல் 1918 வரை சபைத் தலைவராக இருந்த ஜோசப் எஃப். ஸ்மித் காலத்து அலுவலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் கடிதத்தை, ஈரப்படுத்திய மெல்லிய தாள்கள் கொண்ட பைண்டு புத்தகத்துக்குள் வைத்து இரும்பு அழுத்தியில் இறுக்குவார்கள். மை தாளில் ஊறும். எழுத்து இடவலம் மாறிப் பதியும், ஆனால் தாள் மெல்லிசு என்பதால் மறுபக்கத்திலிருந்து நேராகப் படித்துவிடலாம். இப்படிப் புத்தகம் புத்தகமாகப் படிகள் சேர்ந்தன. அந்தக் குமாஸ்தாக்களுக்கு ஒரு கும்பிடு.

அவற்றைப் பூட்டிவைத்ததற்கும் அன்று காரணம் இருந்தது. திருத்தூதர்கள் என்று சபை அழைக்கும் பன்னிரண்டு உயர்தலைவர்களில் ஒருவரான ரீட் ஸ்மூட் அமெரிக்க செனட்டராகத் தேர்வானதும், அவரை உள்ளே விடலாமா என்று வாஷிங்டனில் விசாரணை வைத்தார்கள். 1904 மார்ச்சில் ஸ்மித்தே சாட்சிக் கூண்டில் நின்றார். பலதார மணத்தைச் சபை 1890இலேயே கைவிட்டதாக அறிவித்திருந்தும், தான் ஐந்து மனைவியருடன் வாழ்வதையும், அதற்குப் பிறகு 11 குழந்தைகள் பிறந்ததையும் ஒப்புக்கொண்டார். அந்த நிலையில் இருப்பவர் கடிதப் புத்தகத்தைத் திறந்தா வைப்பார்? சரி, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எண்பது வருஷம் கழித்தும் அதே பூட்டு என்றால்?

1980களில், சபையின் தலைமையிடமான சால்ட் லேக் சிட்டியில் மார்க் ஹாஃப்மன் என்றொரு ஆவண வியாபாரி. பழைய மார்மன் கடிதங்களைப் போலியாகத் தயாரித்துச் சபைக்கே விற்றவர். சபையின் முதல் திருத்தூதர்களில் ஒருவராக இருந்து பிறகு விலக்கப்பட்ட வில்லியம் மெக்லெலினின் காகிதங்களைத் தான் கண்டுபிடித்துவிட்டதாகவும், வெளியே போனால் சபைக்குச் சங்கடம் என்றும் கதை கட்டினார். அதை வாங்க என்று அவருக்கு வங்கியில் 1,85,000 டாலர் கடனும் கிடைத்தது. ஏற்பாடு செய்து கொடுத்தவர் சபையின் மூத்த தலைவர் ஒருவர். சரக்கு இல்லை, கெடு நெருங்கியது. மாட்டிக்கொள்ளாமலிருக்க, 1985 அக்டோபர் 15 அன்று ஹாஃப்மன் வைத்த குண்டுகளில் இரண்டு பேர் செத்தார்கள்.

இப்போது வயிறு எரிகிற இடம். மெக்லெலினின் நாட்குறிப்புகள் 1908இலேயே சாமுவேல் பென்னியன் என்ற, சபையின் பிரசாரப் பணிக்கான மண்டலத் (மிஷன்) தலைவர் மூலம் ஸ்மித்தின் அலுவலகத்துக்கு வந்துவிட்டன. தலைமையின் சொந்தப் பெட்டகத்திலேயே கிடந்தன. சபைக்கு அது தெரியவந்ததே 1986இல், கொலைகளுக்குப் பிறகு. அப்போதாவது ஊருக்குச் சொன்னார்களா? இல்லை. 1992இல் சபை ஊழியர் ரிச்சர்ட் டர்லி எழுதிய நூலில்தான் வெளியே வந்தது.

ஹாஃப்மன் பெரிய திறமைசாலி என்று எழுதுகிறவர்கள் உண்டு. மையைப் பழசாக்கும் வித்தை தெரிந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய உண்மையான முதலீடு அந்தப் பூட்டுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதவரை, எதை வேண்டுமானாலும் "கிடைத்தது" என்று கொண்டுவரலாம். ஒரு பட்டியல் வெளியில் இருந்திருந்தால் அந்த மெக்லெலின் பேரம் முதல் நாளே செத்திருக்கும்.

அந்தரங்கம் என்ற வாதத்தை நான் தள்ளவில்லை. போதகரிடம் பாவத்தைச் சொல்லி எழுதியவரின் பெயரை யாரும் கேட்கவில்லை. இன்று சபை பழைய ஆவணங்களில் நிறைய இணையத்தில் ஏற்றியிருக்கிறது, நல்லது. நான் கேட்பது அதற்கும் முந்தின படி: இருப்பது என்னென்ன என்ற பட்டியல்.

மெக்லெலின் நாட்குறிப்புகள் 1994இல் அச்சாயின. 1831 முதல் 1836 வரை ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்த ஒருவரின் தினக்குறிப்பு. சபையைக் கவிழ்க்கிற மாதிரி அதில் ஒன்றுமே இல்லை.