பொம்மைகளை நம்பி நடித்த ஒருவர்

டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க ஒரு படம் சொல்லுங்கள் என்று யாரேனும் கேட்டால், 1992இல் வெளிவந்த ‘தி மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்’ படத்தையே நான் தயங்காமல் சொல்வேன். தவளையும் பன்றியும் எலிகளும் ஆடிப் பாடுகிற பொம்மைப் படம் என்றதும், அது சிறுபிள்ளைகளின் சமாச்சாரம் என்று பெரியவர்களில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1843 டிசம்பரில் வெளியிட்ட ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ என்ற குறுநாவல்தான் இதற்கு மூலம்: கடந்தகாலம், நிகழ்காலம், வருங்காலம் ஆகியவற்றைக் காட்டும் ஆவிகள் ஸ்க்ரூஜ் என்ற கருமியைக் கிறிஸ்துமஸ் சமயத்தில் மனம் திருந்த வைக்கும் கதை. அது எத்தனையோ முறை மேடையிலும் திரையிலும் வந்திருக்கிறது. நான் பார்த்தவற்றுள், மூலக்கதையின் துயரத்துக்கும் கேலிக்கும் ஒருசேர இடம் கொடுத்தது இந்தப் பொம்மைப் படம்தான்.

இதற்கு முதற்காரணம், ஸ்க்ரூஜ் வேடமேற்ற பிரிட்டிஷ் நடிகர் மைக்கேல் கெயின். பிரிட்டனின் புகழ்பெற்ற நாடகக் குழுவான ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் மேடையில் நடிப்பதாகவே எண்ணி நடிப்பேன், ஓரிடத்திலும் கண்ணடிக்க மாட்டேன் என்று இயக்குநரிடம் அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றியிருக்கிறார். பொம்மைகளோடு நடிக்கும் மனிதர்கள் பெரும்பாலும் பார்வையாளர்களிலுள்ள பெரியவர்களைப் பார்த்து, ‘இதெல்லாம் வெறும் விளையாட்டு என்று நமக்குத் தெரியாதா என்ன’ என்பதுபோல் ஒரு புன்னகையை நழுவவிடுவார்கள். அந்தப் புன்னகை வந்த கணத்திலேயே பொம்மை செத்துவிடுகிறது. கெயின் அப்படிச் சிரிப்பதில்லை. கணக்கெழுதும் எலிகள் குளிருக்கு இன்னும் கொஞ்சம் நிலக்கரி கேட்கும்போது, வேலையை விட்டே துரத்திவிடுவேன் என்று அவர் உறுமுகிறார். மறுகணமே அந்த எலிகள் வெயிலடிக்கும் தீவில் இருப்பதுபோல் பாடத் தொடங்குவது நமக்குச் சிரிப்பூட்டுகிறது என்றால், அந்த உறுமலில் உண்மையான கொடுமை இருந்ததே காரணம்.

லண்டனுக்கு அருகே ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோவில் படப்பிடிப்பு நடந்த விதத்தை அறிந்தவர்களுக்கு இந்த நடிப்பின் அருமை இன்னும் விளங்கும். பொம்மலாட்டக்காரர்கள் தரைமட்டத்துக்குக் கீழே நின்று கைகளை மேலே நீட்டி, பொம்மையின் தலைக்குள் ஒரு கையை நுழைத்து வாயை அசைத்து, மறுகையால் கம்பிகளைப் பிடித்துப் பொம்மையின் கைகளை இயக்கி, அதே நேரத்தில் கேமராவில் பதிவாகும் காட்சியைச் சிறு திரையில் பார்த்தபடி பேசவும் பாடவும் வேண்டும். அவர்கள் நிற்பதற்காகத் தளத்தின் பலகைகளை ஆங்காங்கே எடுத்துவிடுவார்கள். எஞ்சிய குறுகிய பலகைகளின் மீது கெயின் காலைப் பார்க்காமல் நடந்தாக வேண்டும். இத்தனை இடைஞ்சலுக்கு நடுவிலும் அவருடைய பார்வை எதிரே நிற்கும் தவளையின் கண்களை விட்டு நகர்வதில்லை. பொம்மைக்கு உயிர் கொடுப்பதில் உள்ளே இருக்கும் கைக்கு எவ்வளவு பங்குண்டோ, அதைப் பார்க்கும் எதிராளியின் கண்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவு பங்குண்டு என்பதை நான் இந்தப் படத்தில்தான் உணர்ந்தேன்.

டிக்கன்ஸாகவே தோன்றிக் கதைசொல்லும் கான்ஸோ என்ற பொம்மையையும், அவனோடு ஒட்டிக்கொண்டு தின்பண்டத்திலேயே குறியாயிருக்கும் எலி ரிஸ்ஸோவையும் வெறும் கோமாளி ஜோடி என்று கொள்வது தவறு. பெரும்பாலான திரைவடிவங்களில் காணாமற்போகும் டிக்கன்ஸின் உரைநடை, ஸ்க்ரூஜின் தொழில் கூட்டாளி மார்லி இறந்துவிட்டார் என்ற தொடக்கச் செய்தி உட்பட, இவர்கள் வழியாகத்தான் குழந்தைகளின் காதுக்குப் போய்ச் சேர்கிறது. திரைக்கதை எழுதிய ஜெர்ரி ஜூலின் சாமர்த்தியம் அது. ஓரிடத்தில், இந்தக் காட்சி சிறுபிள்ளைகளுக்குப் பயமாயிருக்காதா என்று ரிஸ்ஸோ கேட்க, பரவாயில்லை, இது கலாசாரமாயிற்றே என்று கான்ஸோ அலட்சியமாகப் பதில் சொல்கிறான். பிறகு, வருங்காலத்தைக் காட்டும் முகமற்ற ஆவி வந்து நின்றதும், முடிவில் சந்திப்போம் என்று பார்வையாளர்களிடம் சொல்லிவிட்டு இருவரும் ஓட்டம் பிடிக்கிறார்கள். அதன்பின் நெடுநேரத்துக்குச் சிரிக்க வைக்க ஆளில்லை. குழந்தை ஸ்க்ரூஜோடு தனியாகக் கல்லறை வரைக்கும் போயாக வேண்டும். குழந்தையால் அது முடியும் என்று நம்பிய துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அந்தப் பகுதியில்தான் ஸ்க்ரூஜிடம் எழுத்தராக வேலை பார்க்கும் கிராச்சிட்டின் வீட்டில், அவருடைய நோயாளி மகனான சின்னஞ்சிறு டிம் இல்லாமற்போகும் காட்சி வருகிறது. தந்தை கிராச்சிட்டாக வரும் தவளை கெர்மிட், வாழ்க்கை சந்திப்புகளாலும் பிரிவுகளாலும் ஆனது என்று தன் குடும்பத்தாரிடம் தணிந்த குரலில் சொல்கிறது. இந்தச் சொற்களுக்குப் பின்னால் இன்னொரு துக்கமும் இருக்கிறது. கெர்மிட்டை உருவாக்கி முப்பத்தைந்து ஆண்டுகள் அதற்குக் குரல் கொடுத்த ஜிம் ஹென்சன் 1990 மே மாதம் தமது 53ஆம் வயதில் காலமானார். அவருடைய நெடுநாள் தோழரான பொம்மலாட்டக் கலைஞர் ரிச்சர்ட் ஹன்ட் 1992 ஜனவரியில் இறந்தார். படம் இவ்விருவருக்கும் காணிக்கையாக்கப்பட்டது. ஜிம்மின் மகன் பிரையன் ஹென்சன் இயக்கிய முதல் திரைப்படம் இது. ஸ்டீவ் விட்மயர் கெர்மிட்டாக நடித்த முதல் திரைப்படமும் இதுவே. குரல் மாறிய தவளை பிரிவைப் பற்றிப் பேசும் அந்த ஒரு நிமிடத்தில், மொத்தக் குழுவும் தங்கள் துக்கத்தைக் கதைக்குள்ளேயே வைத்துப் பேசிவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. படக்குழுவின் மனத்தில் என்ன இருந்ததென்று நான் எப்படி அறிவேன் என்று கேட்பவர்கள் அந்தக் காட்சியை மட்டும் ஒருமுறை பார்க்கட்டும்.

இதே காரணத்தால்தான் ஒரு பாட்டை வெட்டிய செயலை என்னால் மன்னிக்க முடியவில்லை. பால் வில்லியம்ஸ் எழுதிய பாடல்களில், இளம் ஸ்க்ரூஜைவிட்டுக் காதலி பெல் பிரிந்து போகும்போது பாடும் பாட்டு, சிறுவர்கள் நெளிவார்கள் என்று சொல்லித் திரையரங்கப் பிரதியிலிருந்து டிஸ்னி நிர்வாகத்தின் வற்புறுத்தலால் நீக்கப்பட்டது. முதிய ஸ்க்ரூஜ் அந்தப் பாட்டின் கடைசி வரிகளில் அவளோடு சேர்ந்து பாடித் தொண்டை அடைத்து நிற்கும் இடம் போய்விட்டதால், வெட்டிய பிரதியில் ரிஸ்ஸோ எதற்காக அப்படித் தேம்பி அழுகிறான் என்பதே புரிவதில்லை. இறுதிக் காட்சியில் எல்லாரும் கூடிப் பாடுவதும் அதே மெட்டில்தான். இழந்த அன்பின் மெட்டை முன்னரே கேட்டிராத காதுக்கு, திரும்பக் கிடைத்த அன்பின் பாட்டு இன்னொரு பண்டிகைப் பாட்டாக மட்டுமே கேட்கும். குழந்தைகள் சற்று நெளிந்தால்தான் என்ன குடி முழுகிவிடும்?

படத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. டிக்கன்ஸ் தம் கதையில் நிகழ்கால ஆவியின் அங்கிக்கு அடியிலிருந்து அறியாமை, வறுமை என்ற இரண்டு எலும்பும் தோலுமான பிள்ளைகளை வெளியே இழுத்துக் காட்டுவார்; கதையின் அரசியல் கூர்மையே அங்கேதான் இருக்கிறது. படம் அதைத் தொடவில்லை. ஏழைகள் செத்து மக்கள்தொகை குறையட்டும் என்ற ஸ்க்ரூஜின் பேச்சை வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டது எனக்கு வருத்தம்தான். மருமகன் வீட்டு விருந்துக் காட்சியும் சற்றுச் சப்பென்றே இருக்கிறது.

தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட, பெல் பாடும் அந்தப் பாட்டின் மூலப் படச்சுருள் பின்னர் கண்டெடுக்கப்பட்டு, 2022 டிசம்பரில் முழுப் பிரதி டிஸ்னி பிளஸ் தளத்தில் சேர்க்கப்பட்டது. முதலில் கண்ணில் படும் பிரதியை அழுத்திவிடாமல், கூடுதல் பகுதிகளின் வரிசையில் இருக்கும் அந்த நீண்ட பிரதியைத் தேடிப் பாருங்கள். பெல் பாடத் தொடங்கும்போது யாரும் ரிமோட்டை எடுத்து ஓட்டிவிடாதீர்கள்.