பியர் பிடிக்காது என்று சொல்பவர்களோடு கொஞ்சம் பேச வேண்டும்

"பியரா? ஒரே கசப்பு. எனக்கு ஆகாது."

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் பல வருடங்களாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வற்புறுத்தியதில்லை. குடிக்காதவரைக் குடிக்க வைப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது, இந்தப் பதிவும் அதற்காக இல்லை. ஆனால் ஒருநாள் பேச்சுவாக்கில், "இதுவரைக்கும் என்னென்ன பியர் குடிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். யோசித்து நாலைந்து பெயர் சொன்னார். எல்லாமே ஒரே வகை. வெளிர் மஞ்சள் நிறத்தில், பல் கூசும் குளிர்ச்சியில் வருகிற சாதாரண லாகர். லேபிள்தான் வேறு வேறு.

ஒரே ராகத்தை நாலு பேர் பாடக் கேட்டுவிட்டு, பாட்டே எனக்குப் பிடிக்காது என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது. பியரில் பெயர் சொல்லிப் பிரிக்கக்கூடிய வகைகளே நூற்றுக்குமேல் இருக்கின்றன. அத்தனையையும் தேடித் தேடிக் குடிக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. பல வருடம் ருசித்துப் பார்த்ததில் நான் வந்து சேர்ந்த இடம் இது: பிராண்ட் பெயரை விடுங்கள், போதை அளவை விடுங்கள். உங்கள் நாக்கு மால்ட்டின் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) பக்கம் சாய்கிறதா, ஹாப்ஸின் (கசப்பும் மணமும் கொடுக்கும் ஒரு கொடியின் பூ) பக்கமா, ஈஸ்ட்டின் (நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்) பக்கமா என்று மட்டும் பாருங்கள். அது தெரிந்துவிட்டால் உலகத்தில் எந்த பியர் பட்டியலை நீட்டினாலும் உங்களுக்கானதை எடுத்துவிடலாம்.

எனக்குக் கதவைத் திறந்தது ஈஸ்ட். ஜெர்மனியில் இருக்கும் பவேரியாவின் கோதுமை பியர், ஹெஃபெவைசென். பாட்டிலை முழுக்க ஊற்றாமல் அடியில் இரண்டு விரல் அளவு விட்டுவிட்டு, பாட்டிலை மெல்லச் சுழற்றி, அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட்டைக் கலக்கி, கடைசியாக நுரையின் மேல் ஊற்ற வேண்டும். உயரமான கிளாஸில் பொன்னிறம் கலங்கி மங்கலான ஆரஞ்சாக மாறுகிறது. மேலே நாலு விரல் உயரத்துக்கு வெண்ணுரை. கிட்டே கொண்டுபோனதும் பழுத்த வாழைப்பழ வாசனை, அதன் பின்னால் கிராம்பு. யாரோ எசன்ஸ் கலந்துவிட்டார்கள் என்றே முதலில் நினைத்தேன். உள்ளே வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. நொதிக்கும்போது அந்த வகை ஈஸ்ட் ஐசோஅமைல் அசிடேட் என்ற சேர்மத்தை உண்டாக்குகிறது. வாழைப்பழத்துக்கு அந்த மணத்தைக் கொடுப்பதும் அதேதான். கிராம்பு மணம் இன்னொரு சேர்மத்தால். கசப்பு என்று சொல்ல அந்த கிளாஸில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

பவேரியாவில் 1516-இல் போட்ட புகழ்பெற்ற பியர் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்று மூன்றை மட்டும்தான் சொல்கிறது. ஈஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை. அது ஓர் உயிர் என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. இன்று ஒரு பியரைக் குடிக்கும்போது நமக்குத் தெரிகிற மணத்தில் பெரும்பங்கு, அந்தச் சட்டத்தில் பெயர்கூட இல்லாத ஈஸ்ட் கொடுப்பது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம்தான்.

லாகர், ஏல் என்ற பெரிய பிரிவே ஈஸ்ட்டை வைத்துத்தான். ஏல் ஈஸ்ட் ஓரளவு வெதுவெதுப்பில், 15 முதல் 24 டிகிரி செல்சியஸில் வேகமாக வேலையை முடித்து, பழ வாசனைகளை விட்டுச் செல்லும். லாகர் ஈஸ்ட் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் நிதானமாக நொதிக்கும், அப்புறம் வாரக்கணக்கில் குளிரில் கிடந்து தெளியும். சேமித்து வைப்பது என்ற ஜெர்மன் சொல்லிலிருந்துதான் லாகர் என்ற பெயரே வந்தது. அந்த லாகர் ஈஸ்ட் இரண்டு இனங்கள் கலந்த கலப்பு. ஒரு பெற்றோர் எல்லோருக்கும் தெரிந்த ஏல் ஈஸ்ட். இன்னொன்று எது என்று நீண்ட காலம் தேடி, 2011-இல் தென்னமெரிக்காவின் படகோனியா காட்டு மரங்களில் அந்த இனம் இருப்பதைக் கண்டறிந்து அறிவித்தார்கள்.

லாகரை நான் மட்டமாகப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லாகரிலேயே ஒரு வகையான பில்ஸ்னரை நன்றாகச் செய்வது மிகக் கடினமான வேலை. ஒரு சின்னப் பிசகு நடந்தாலும் மறைக்க அதில் இடமே இல்லை. இன்று செக் நாட்டில் இருக்கும் பில்சென் நகரத்தில், மோசமான பியரால் வெறுத்துப்போன மக்கள் 1838-இல் பீப்பாய் பீப்பாயாக வீதியில் கொட்டினார்கள். பிறகு நகரத்தாரே சேர்ந்து ஒரு ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து ஜோசப் குரோல் என்பவரை வரவழைத்தார்கள். அந்த ஊரின் மென்மையான தண்ணீர், வெளிர் மால்ட், சாட்ஸ் என்ற ரக ஹாப்ஸ், பவேரிய லாகர் முறை எல்லாம் சேர்ந்து 1842-இல் பொன்னிறமான, தெளிந்த பியர் வெளியே வந்தது. இன்று உலகம் முழுக்க விற்கும் மஞ்சள் லாகர்களில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள். ஆனால் பல வாரிசுகளில் ஹாப்ஸைக் குறைத்து, மால்ட்டைக் குறைத்து, கடைசியில் குளிர்ச்சி மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. ஒரு நல்ல செக் பில்ஸ்னரைப் புதிதாகக் குடித்துப் பாருங்கள். ரொட்டி மாதிரியான மால்ட் வாசனை, மூலிகை போன்ற கசப்பு, கடைசியில் நாக்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்ட உணர்வு. என் நண்பர் குடித்த நாலைந்துக்கும் இதற்கும் நிறம்தான் ஒன்று.

அடுத்து, கறுப்பு என்றால் 'ஸ்ட்ராங்' என்று பலர் நம்பிக்கொண்டிருப்பது. இதை எத்தனை தடவை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கின்னஸ் டிராஃப்ட் கன்னங்கரேலென்று இருக்கும், ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். பெல்ஜியத்தின் டூவெல் வெயிலில் பிடித்தால் தங்கமாக மின்னும், 8.5 சதவீதம். டூவெல் என்றால் அந்த வட்டார மொழியில் பிசாசு. நிறத்தைக் கொடுப்பது வறுத்த மால்ட். முளைகட்டிய பார்லியைக் காய வைத்து எவ்வளவு வறுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வெளிர் மஞ்சளிலிருந்து கருப்பு வரை நிறம் போகும். 1817-இல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் காப்பிக்கொட்டை வறுப்பது போன்ற உருளையில் மால்ட்டைக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதன்பிறகு கொஞ்சம் கருப்பு மால்ட்டைச் சேர்த்தாலே போர்ட்டர் என்ற கறுப்பு ஏலுக்கு முழு நிறமும் வந்துவிட்டது. போதைக்குக் காரணம் நொதித்த சர்க்கரை. நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

காப்பி, டார்க் சாக்லேட் பிடித்தவர்கள் மால்ட் பக்கம் போகலாம். கின்னஸ் மாதிரியான ஸ்டவுட், போர்ட்டர், ஜெர்மனியின் கறுப்பு லாகரான ஷ்வார்ட்ஸ்பியர், அங்கேயே வலுவான லாகரான டொப்பெல்பொக். ஜெர்மனியின் பாம்பெர்க் ஊரின் புகை பியருக்கு பீச் (beech) மர நெருப்பில் மால்ட்டைக் காய வைப்பார்கள். முதல் மடக்கில் அடுப்படிப் புகை மாதிரிதான் இருக்கும், பாதி கிளாஸுக்குப் பிறகு பழகிவிடும். எல்லோருக்கும் அது வேண்டும் என்று சொல்லமாட்டேன்.

என் கட்சி ஸ்டவுட். அதுவும் ஒரு தற்செயலால். ஒரே ஸ்டவுட்டில் இரண்டு பாட்டில் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். ஒன்றைத் திறந்து குடித்தால் சாம்பல் கசப்பு, வாயில் கனமே இல்லாமல் தண்ணீர் மாதிரி, அவ்வளவுதான். ஏமாற்றமாக இருந்தது. இன்னொன்று கிளாஸில் ஊற்றியபடியே இருக்க, ஒரு போன் வந்துவிட்டது. திரும்பி வந்து எடுத்தபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது. அதே பியர்தானா என்று லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். புதிதாக அரைத்த காப்பித்தூள், கொஞ்சம் வெல்லம், நாக்கில் பட்டுத்துணி மாதிரி ஒரு வழவழப்பு. குளிர் வாசனையை அடக்கிவிடும், கசப்பைத் தூக்கிக் காட்டும். இலேசான லாகருக்கு 4 முதல் 7 டிகிரி சரி. கோதுமை பியருக்கு 8 டிகிரி பக்கம். ஸ்டவுட்டுக்கும் வலுவான ஏல்களுக்கும் 10 முதல் 13. பியர் கசக்கிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு கைக்கு வந்த பியரே குளிர்ந்து விறைத்த பியராக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மூன்றாவது ஹாப்ஸ். ஐ.பி.ஏ., அதாவது இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் தூக்கலான ஒரு வெளிர் ஏல். இந்தியாவுக்குப் போகும் கப்பல் பயணத்தில் கெடாமல் இருப்பதற்காகவே இதைக் கண்டுபிடித்தார்கள் என்ற கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. முழு உண்மை இல்லை. அந்தக் கப்பல்களில் போர்ட்டரும் போய்க்கொண்டுதான் இருந்தது, அதுவும் கெடாமல் போய்ச் சேர்ந்தது. ஹாப்ஸ் கிருமிகளைத் தடுக்கும் என்பது மட்டும் சரி. நாம் இன்று குடிக்கும் ஐ.பி.ஏ.வின் வாசனை அதற்கு வெகுகாலம் பிந்தியது. 1972-இல் அமெரிக்காவில் வெளியான காஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம்தான் அந்த கிரேப்ஃப்ரூட் (பம்பளிமாஸ் மாதிரியான பழம்), ஆரஞ்சுத்தோல் மணத்தைப் பரப்பியது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மால்ட் சாற்றைக் கொதிக்க வைக்கும்போது ஹாப்ஸைத் தொடக்கத்திலேயே போட்டால் கசப்பு. கொதி முடியும்போதோ, நொதித்த பிறகோ போட்டால் மணம். அதனால் ஹாப்ஸ் அதிகம் என்றாலே கசப்பு அதிகம் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பாணி ஐ.பி.ஏ. ஒன்று எடுத்துப் பாருங்கள், பழச்சாறு மாதிரி கலங்கலாக, மாம்பழ வாசனையோடு, மிகக் குறைந்த கசப்போடு இருக்கும். ஆனால் ஹாப்ஸ் மணத்துக்கு ஆயுசு குறைவு. பாட்டிலில் அடைத்த தேதியைப் பார்க்காமல் ஐ.பி.ஏ. வாங்கவே கூடாது. ஆறு மாதம் பழையது என்றால் மணம் போய், ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்திருக்கும்.

ஹாப்ஸுக்கு வெளிச்சமும் ஆகாது. பச்சை பாட்டில் ஒன்றை நானே ஒருநாள் ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்து மறந்துவிட்டேன். திறந்ததும் குப்பென்று ஒரு கந்தக நாற்றம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து, ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் திரவத்தில் இருப்பதற்கு நெருக்கமான சேர்மம் உண்டாகிறது. நல்ல வெயில் என்றால் சில நிமிடமே போதும். பழுப்பு பாட்டில் பெரும்பாலும் காப்பாற்றும். பச்சை கொஞ்சம்தான். வெள்ளை பாட்டிலை நம்பவே வேண்டாம்.

இந்த மூன்றிலும் அடங்காத ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட மனமில்லை. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தின் லாம்பிக். கொதித்த சாற்றைக் குளிர்காலத்து இரவில், கூரைக்கடியில் அகலமான, ஆழமில்லாத தொட்டியில் திறந்தபடி விட்டுவிடுவார்கள். ஈஸ்ட்டை யாரும் போடுவதில்லை. காற்றிலும் பழைய மரப்பீப்பாயிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் தாமாக வந்து நொதிக்க வைக்கின்றன. ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடப் பீப்பாய்களைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் அது கூஸ். எலுமிச்சைப் புளிப்பு, ஈர வைக்கோல், பழைய மர அலமாரி என்று எதை எதையோ ஞாபகப்படுத்தும். முதல் பியராக இதைக் கொடுத்து யாரையும் பயமுறுத்த வேண்டாம். மற்றதெல்லாம் பழகிய பிறகு வாருங்கள்.

ருசி பார்ப்பதற்கு நான் செய்வது எளிமையானது. நாலு பேர் சேர்ந்து மூன்று பாட்டில். ஒவ்வொரு பியரிலும் ஆளுக்கு நூறு மில்லிக்கு மேல் இல்லை. இலேசானதில் தொடங்கி கனமானதுக்குப் போவோம், இடையில் தண்ணீர். கிளாஸில் சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை நிற்காது, அதனால் நன்றாக அலசிவிடுவேன். முதலில் முகர்ந்து பார்த்து, தோன்றியதை இரண்டு வார்த்தையில் எழுதிக்கொள்வோம். அன்றைக்கு யாரும் வண்டி ஓட்டுவதில்லை. கணக்குப் பார்த்தால் ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில்கூட ஆகாது, ஆனால் இரண்டு மணி நேரம் பேச விஷயம் கிடைத்துவிடும்.

அந்த நண்பரை அப்படி ஒருநாள் கூப்பிட்டேன். வருகிறேன், ஆனால் பிடிக்காவிட்டால் வைத்துவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வந்தார். கோதுமை பியர், பேல் ஏல், ஸ்டவுட் மூன்றும் வரிசையாக. கோதுமை பியரை முகர்ந்து, "வாழைப்பழம்" என்று நான் எதுவும் சொல்வதற்கு முன்பே சொன்னார். பேல் ஏலை ஒரு மடக்கோடு நகர்த்தி வைத்துவிட்டார். ஸ்டவுட்டில் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது அவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். முதல் பியருக்கு நேராக "இது போதும்" என்றும், மூன்றாவதுக்கு நேராக "இன்னும் கொஞ்சம் ஆறவிட்டுக் குடித்துப் பார்க்கணும்" என்றும் எழுதியிருந்தார்.