குலசையில் ராக்கெட் சரி, பட்டறை எங்கே?

போன வாரம் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்துக்கு (எங்களுக்குக் குலசை) அருகே, உடன்குடிப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் அருகில் இருந்த பெரியவர், "குலசைல ராக்கெட் விட ஆரம்பிச்சா நம்ம தேரிக்காடுகூட சென்ட் லட்சத்துக்குப் போவும்ல தம்பி" என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் வளர்ச்சி என்றாலே மண் விலைதான்.

குலசையில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, பூமியின் துருவங்களுக்கு மேலே சுற்றும் துருவப் பாதைக்கு ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போகவேண்டும். 500 கிலோ சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சின்ன ராக்கெட்டுக்கு அந்த எரிபொருள் இழப்பு கட்டுப்படியாகாது. குலசையிலிருந்து நேரே தெற்கே விடலாம். இடத் தேர்வில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் ஏவுகிற இடத்தில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்துவிடும்? காவலும் கேன்டீனும் போக உள்ளூருக்கு மிச்சம் கொஞ்சம்தான். ஏவுகிற நாளில் மீனவர்கள் கடலுக்கே போகமுடியாது. பணம் ராக்கெட்டைச் செய்கிற ஊரில் இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.வி. தயாரிக்கும் வாய்ப்பை 2025இல் ஏலத்தில் எடுத்தது விமானம் செய்யும் பெங்களூரு அரசு நிறுவனமான எச்.ஏ.எல். 1940இல் அங்கே விமானத் தொழிற்சாலை வந்தது. அப்புறம் அதே ஊரின் பீன்யா தொழிற்பேட்டையில் சின்னச் சின்னப் பட்டறைகள் வளர்ந்தன. அவர்கள் ஏன் வால்வு தேடித் தூத்துக்குடிக்கு வரப்போகிறார்கள்?

நம் நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் பல பத்தாண்டுகளாக ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கிறார்கள். அதன் அடிவாரத்தில் ஒரு பீன்யா முளைக்கவில்லையே, ஏன்? குலசை பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

எனக்குத் தெரிந்த பதில் மச்சானின் அனுபவம். கோவையில் சி.என்.சி. பட்டறை (கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தைக் கடையும் இயந்திரங்கள்) வைத்திருக்கிறார். விமான பாகம் ஒன்றுக்கு ஜாப் ஒர்க் எடுத்தார். மைக்ரான் கணக்கில் அளவு சுத்தம். ஆனால் உலோகம் ஆலையில் எந்தத் தடவை உருக்கியதில் வந்தது என்ற சான்றிதழ் ஒரு பெட்டிக்கு இல்லை. மொத்தச் சரக்கும் திரும்பிவிட்டது. இந்தத் துறையில் உருப்படி பாதி, காகிதம் பாதி. விமான, விண்வெளித் தொழிலுக்கான ஏ.எஸ்.9100 தரச்சான்று வாங்கவே அவருக்கு நாக்குத் தள்ளியது. கோவைக்கே இந்தப் பாடு.

மாநில அரசின் 2025 விண்வெளித் தொழில் கொள்கை 5 ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீடு என்கிறது. வரட்டும். மானியம் பெரிய முதல் போடுகிறவர்களோடு நின்றுவிடக் கூடாது. நெல்லையிலோ தூத்துக்குடியிலோ சின்னப் பட்டறைக்காரன் வாடகைக்கு அளந்து பார்க்க ஒரு பொதுச் சோதனைக்கூடம் வேண்டும். தரச்சான்றுச் செலவில் பாதியை அரசு ஏற்கட்டும். மனை பிரிப்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

சொல்ல மறந்துவிட்டேன், அந்தப் பெரியவரின் பேரன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி வருஷம். முடித்ததும் ஓசூருக்குப் போகிறானாம்.