குளிர் மட்டும் போதுமென்றால் எல்லா மலையும் பீட் சதுப்பாகியிருக்க வேண்டுமே

அந்த வீடியோவைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். மலைமேல் இருந்த பீட் (முழுதாக மக்காத செடிகள் சேர்ந்து உண்டான கறுப்பு மண்) சதுப்பில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, மரக்கன்று நட்டு, கைதட்டிப் படம் எடுத்துக்கொண்டார்களே, அதேதான். அதைக்கூட விட்டுவிடலாம். கீழே ஒரு பெரியவர் போட்ட பின்னூட்டம்தான் தூங்கவிடவில்லை. மலையில் குளிர் இருக்கும் இடமெல்லாம் இது வருமாம். இங்கே அழிந்து போனால் பக்கத்துக் குன்றில் உருவாகிவிட்டுப் போகிறதாம்.

வராது ஐயா. குளிர் மட்டும் போதாது. தண்ணீர் நிற்க வேண்டும்.

செத்து விழும் செடியில் காற்றுப் பட்டால் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். வருடம் முழுக்க நீரில் ஊறிக் கிடந்தால் ஆக்சிஜன் கிடைக்காமல் அவை மந்தமாகிவிடும். மிச்சம் அடுக்கடுக்காகச் சேரும். வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தாலே பெரிது. ஒரு மீட்டருக்கு ஆயிரம் வருடம் ஆகும். பக்கத்துக் குன்று அதுவரை காத்திருக்கட்டும். குளிர் உதவும், மறுக்கவில்லை. மக்குவதும் ஆவியாவதும் குறையும். ஆனால் குளிர் மிஞ்சினால் செடியே வளராது. அப்புறம் எதைச் சேர்ப்பது, பனிக்கட்டியையா?

ஒருமுறை இப்படி ஒரு சதுப்பில் மாட்டிக்கொண்டேன். முகட்டிலிருந்து இறங்கும்வரை காலடியில் சரளைக்கல். சரிவு தணிந்து கிண்ணம்போலக் குழிந்த இடத்தில் இடது கால் முழங்கால்வரை உள்ளே போனது. காலை உருவினால் ஷூ உள்ளேயே நின்றுவிட்டது. கைவிட்டுத் துழாவியதில் வந்தது கறுப்புக் கூழ். அதற்குள் புல்தண்டுகள், கணுகூடத் தெரிந்தது. ஐம்பது அடி தள்ளி, அதே உயரம், அதே குளிர், அதே மழை, வெறும் பாறை. இந்தப் பக்கம் தண்ணீர் ஓட வழியில்லை, அடியில் களிமண். அவ்வளவுதான் வித்தியாசம். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

'ஸ்காட்லாந்தில் பீட் சரிவையே போர்வை மாதிரி மூடியிருக்கிறதே' என்று ஒருவர் வருவார். நியாயமான கேள்வி. அங்கே ஒரு மழை வடிவதற்குள் அடுத்த மழை வந்துவிடும், அதனால் மிதமான சரிவும் தாங்குகிறது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரில் வறண்ட பகுதிகளில் கதையே வேறு. 4,000 மீட்டருக்கு மேல், போஃபெதால் என்று சொல்லும் சதுப்புகள் ஊற்றையும் பனியாற்று உருகுநீரையும் நம்பிப் பள்ளங்களில் மட்டும் இருக்கின்றன. சுற்றிலும் அதே குளிர்தான், ஆனால் காய்ந்த மலை. திபெத் பீடபூமியின் கிழக்கு ஓரத்தில் சோய்கே சதுப்பு, சுமார் 3,400 மீட்டரில் அகன்ற படுகையில் இருக்கிறது. வெப்பமண்டலத்து நீலகிரியிலும் பள்ளத்தாக்கின் அடியில்தான் பீட் இருக்கிறது. அந்த அடுக்குகளைப் படித்துத்தான் சூழலியலாளர் ராமன் சுகுமாரும் உடன் ஆய்ந்தவர்களும் கடந்த 20,000 ஆண்டுகளின் பருவநிலை மாற்றத்தை 1993-ல் வெளியிட்டார்கள். எங்கே பார்த்தாலும் பதில் ஒன்றுதான்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஏன் போகாமல் நிற்கிறது.

'மரம் நட்டது தப்பா?' இதற்குப் பதில் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. தப்புதான், அந்த இடத்தில் தப்புதான். வாய்க்கால் நீரை இறக்கும், மரம் மிச்சத்தை உறிஞ்சும், காற்றுப் பட்ட பீட் மக்கிக் கார்பன் டை ஆக்சைடாகப் போகும். உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான் பீட் நிலம். எல்லாக் காடுகளின் மரஞ்செடிகளிலும் உள்ளதைவிட அதிகக் கார்பன் அதில் இருக்கிறது. இதைச் சொன்னதற்கு நான் மரத்துக்கு எதிரியாம். நல்லது. நான் நட்ட மரங்களை எண்ணிச் சொல்லிப் பெருமை தேடும் பழக்கம் எனக்கில்லை. (சரி, கொஞ்சம் இருக்கிறது. இன்று வேண்டாம்.)

விவரம் தெரியாதவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பின்னூட்டத்துக்கு லைக் போட்டவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. அன்று என் கையைப் பிடித்துச் சேற்றிலிருந்து இழுத்தவரும் அதில் இருக்கிறார். ஷூவைத் தோண்டியெடுத்துத் தந்ததும் அவர்தான். முழங்கைவரை கறுப்பாகியிருந்தது, அவருக்கும்.